வீட்டில் கலக்கும் பிரிண்ட் டெவலப்பர்: ஒரு பொது நம்பிக்கைக்கு மறுப்பு

கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கான டெவலப்பரை வீட்டிலேயே அடர் கரைசலாகக் கலந்து வைத்துக்கொள்வது வேண்டாத வேலை என்பது இன்று இருட்டறை வைத்திருக்கும் பலரின் எண்ணம். பாட்டிலை வாங்கி, அளந்து நீர் சேர்த்து, ட்ரேயில் ஊற்றினால் போதும்; அதற்கு மேல் எதைச் செய்தாலும் நல்ல பேப்பரையும் நல்ல நெகட்டிவையும் பணயம் வைப்பதாகும் என்று புதியவர்களுக்குச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணம் தவறு.

அந்தத் தரப்பின் வாதத்தை முதலில் குறைக்காமல் எடுத்துவைக்க வேண்டும். தொழிற்சாலையில் துல்லியமான எடைக்கருவிகளும் தரச் சோதனையும் உண்டு. வீட்டுத் தராசின் சிறு பிழை அடர் கரைசலில் பெரும் பிழையாகிவிடும். கடையில் சில்லறையாகக் கிடைக்கும் இரசாயனத்தின் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. அடர்த்தியைக் கூட்டினால் உப்புகள் பாட்டிலின் அடியில் படிகமாகிவிடும். வீட்டுக் கரைசல் சீக்கிரம் கெட்டுப்போகும். மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் உடலுக்குக் கேடு. கடைசியாக, இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது கடைச்சரக்கைவிட மேலானதாக இருக்கப்போவதில்லை. இந்த ஆறு வாதங்களில் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மைகளிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் நிற்கவில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிரிண்ட் டெவலப்பர்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது கோடாக் நிறுவனம் தானே வெளியிட்ட டி-72 பார்முலா. அதே நிறுவனம் பொட்டலமாக விற்ற டெக்டாலுக்கு இது நெருங்கிய உறவு. ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5 கிராம், பொட்டாசியம் புரோமைடு சுமார் 2 கிராம்: சரக்கு இவ்வளவுதான். மெட்டால் படத்தை விரைவாக எழுப்புகிறது. ஹைட்ரோகுயினோன், செலவான மெட்டாலை மீண்டும் வேலைக்குத் தயாராக்குவதோடு கறுப்புக்கு ஆழமும் தருகிறது. கார்பனேட் இவை இயங்கத் தேவையான காரத்தைக் கொடுக்கிறது. சல்பைட் கரைசலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனிடமிருந்து காக்கிறது. புரோமைடு, ஒளிபடாத இடம் மங்கலாகாமல் தடுக்கிறது. ஹைட்ரோகுயினோன் 1880இலும், காப்புப்பொருளாக சல்பைட் 1882இலும், மெட்டால் 1891இலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நூறாண்டுக்கும் மேலாகப் பலரும் கையாண்டுவரும் வேதியியல் இது. இதில் வணிக இரகசியம் என்று சொல்ல அதிகம் இல்லை.

1. எடைப் பிழை அடர் கரைசலில் பெருகுமா?

பெருகாது, கணக்கு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 0.1 கிராம் வரை காட்டும் தராசில் 3 கிராம் மெட்டாலை நிறுத்தால் பிழை ஏறக்குறைய 3 விழுக்காடு. அந்த அடர் கரைசலில், அதாவது ஸ்டாக்கில், இரண்டு பங்கு நீர் சேர்த்தாலும் பத்துப் பங்கு சேர்த்தாலும் அதே 3 விழுக்காடுதான். நீர் சேர்ப்பதால் விகிதம் மாறாது. ஒரே தடவையில் இரண்டு லிட்டருக்கு உரிய 6 கிராமை நிறுத்தாலோ பிழை பாதியாகக் குறைகிறது. ட்ரேக்குத் தேவையான நீர்த்த கரைசலை ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுப்பதைவிட, அடர் ஸ்டாக்கை ஒரேயடியாக நிறுத்து வைப்பதே துல்லியமான வழி.

உண்மையான பிழை நுழையும் இடம் வேறு. ஒன்றுக்கு இரண்டு என்று நீர்த்தால், ஒரு லிட்டர் கரைசலுக்கு 333 மில்லி ஸ்டாக் வேண்டும். அளவுக்குவளையில் 5 மில்லி தவறினாலும் ஒன்றரை விழுக்காடுதான். ஒன்றுக்கு ஒன்பது என்று நீர்க்கும் அதிஅடர் கரைசலில் 100 மில்லிதான் எடுக்க வேண்டும். அதே 5 மில்லி அங்கே 5 விழுக்காடாகிறது. இந்தப் பிழை கடையில் வாங்கிய பாட்டிலைக் கையாளும்போதும் அப்படியே நேரும். ஆகவே, கையின் பிழைக்கு அஞ்சுகிறவர் அஞ்ச வேண்டியது அளவற்ற அடர்த்திக்கே.

சில விழுக்காடு பிழை பிரிண்டில் எவ்வளவு தெரியும் என்பதும் கேட்கப்பட வேண்டும். ஃபிலிமை டெவலப் செய்யும்போது வேலையை நடுவழியில் நிறுத்துகிறார்கள். அதனால் கரைசலின் வலிமையில் சிறு மாறுதல்கூட நெகட்டிவின் மாறுபாட்டைப் பாதிக்கும். பேப்பர் அப்படியல்ல. ஃபைபர் பேப்பர் ஒன்றரை இரண்டு நிமிடம், ஆர்சி பேப்பர் ஒரு நிமிட அளவில், படம் ஏறக்குறைய முழுமை அடையும்வரை கரைசலில் கிடக்கிறது. டெவலப்பரின் வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் முடிவு ஓரிடத்தில்தான் போய் நிற்கும். எஞ்சும் வேறுபாட்டை, அன்றைய வேலையின் தொடக்கத்தில் எப்படியும் போடப்படும் சோதனைத் துண்டு தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பார்முலாக்கள் 20 டிகிரி வெப்பத்தைக் கருதி எழுதப்பட்டவை. சென்னைக் கோடையில் ட்ரே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாதவர் மெட்டாலில் 3 விழுக்காட்டைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மெட்டாலுக்குப் பதில் ஃபெனிடோன் சேரும் பார்முலாக்களில் அதன் அளவு லிட்டருக்கு அரை கிராமுக்கும் கீழே போகலாம். 0.3 கிராமை 0.1 கிராம் தராசில் நிறுக்க முடியாது. அங்கே 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். அல்லது 5 கிராம் ஃபெனிடோனைப் புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்து 500 மில்லியாக்கி, அதிலிருந்து 30 மில்லியை அளந்து எடுத்தால் 0.3 கிராம் வந்துவிடும். எளிய வழி உள்ள ஒரு சிக்கலைக் காட்டி முழு முயற்சியையும் கைவிடச் சொல்ல முடியாது.

2. இரசாயனத்தின் தூய்மையை யார் உறுதிசெய்வது?

ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் மூடி முத்திரையிட்ட டப்பாவின் மேல் தரமும் தூய்மை விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கும். பிரிண்ட் டெவலப்பருக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும். வாசனையும் சலவைத்தூளும் கலந்த சோடாவை மளிகைக் கடையில் வாங்கிக் கலப்பவரின் தோல்வியைக் காட்டி, சரியான சரக்கு வாங்குபவரைத் தடுப்பது முறையல்ல.

தூய்மையைவிடப் பெரிய கண்ணி, சரக்கு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதில்தான். சோடியம் கார்பனேட் மூன்று வடிவங்களில் விற்கப்படுகிறது: நீரற்ற தூள், ஒற்றை நீர் கொண்ட தூள், பத்து நீர் கொண்ட கண்ணாடிக் கட்டி போன்ற சலவைச் சோடா. நீரற்றதில் 67.5 கிராம் என்றால், ஒற்றை நீர் வடிவில் 79 கிராமும் சலவைச் சோடாக் கட்டியில் 182 கிராமும் வேண்டும். பார்முலாவின் எண்ணை மட்டும் பார்த்து 67.5 கிராம் கட்டியைப் போடுகிறவர், தேவையான காரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் சேர்த்திருப்பார். படம் தயங்கித் தயங்கி எழும். கறுப்பு சாம்பலாகவே நின்றுவிடும். வீட்டுக் கலவை சரியில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பழுது சரக்கின் வடிவத்தைப் பார்க்காததில் இருக்கிறது.

அந்தக் கட்டி திறந்து கிடந்தால் நீரை இழந்து மேலே வெள்ளைத் தூள் பூக்கும். அப்போது எடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இதற்கும் வழி உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டுச் சூடாக்கினால் கட்டி முதலில் தன் நீரிலேயே உருகும், பிறகு கொதிக்கும், கடைசியில் உலர்ந்த தூளாகும். மேலும் சூடாக்கியும் எடை குறையாவிட்டால் அது நீரற்ற கார்பனேட். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். காரம் அதை அரிக்கும்.

நீரும் ஒரு சரக்குதான். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள கால்சியம், டெவலப்பரின் கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீரோ ஆர்ஓ நீரோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீர்கிறது.

3. உப்பு படியும் என்றால், எந்த உப்பு, எந்த அளவில்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் மிக வலுவானது இதுதான். பார்முலாவின் எல்லா எண்களையும் மூன்றால் அல்லது நான்கால் பெருக்கினால் மூன்று அல்லது நான்கு மடங்கு அடர் கரைசல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோற்பது உறுதி. ஆனால் தோல்விக்குக் காரணம் என்ன என்பதை எதிர்த்தரப்பு சொல்வதில்லை. சொன்னால், அந்தக் காரணத்தை விலக்கவும் முடியும் என்பது வெளிப்பட்டுவிடும்.

சோடியம் கார்பனேட் 20 டிகிரியில் 100 மில்லி நீரில் சுமார் 21 கிராம் கரையும். 0 டிகிரியில் 7 கிராம்தான். டி-72இன் ஒரு லிட்டரில் 67.5 கிராம் இருப்பதால் சாதாரண அறை வெப்பத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. அதை மூன்று மடங்காக்கினால் கார்பனேட் மட்டுமே 200 கிராமைத் தாண்டும். கூடவே சல்பைட் 135 கிராம். இரண்டும் சோடிய உப்புகள் என்பதால் ஒன்றின் இடத்தை மற்றொன்று குறைக்கும். படிகம் இறங்காமல் இருக்க வழியே இல்லை. மூல அடர்த்தியிலேயே உள்ள ஸ்டாக்கைக்கூட, வெயிலுக்கு அஞ்சிக் குளிர்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் வைத்தால் கரைதிறனின் விளிம்புக்கே கொண்டுபோகிறோம். உணவு வைக்கும் இடத்தில் டெவலப்பரை வைக்கவே கூடாது என்பது குளிர்பெட்டியைத் தவிர்க்க அதற்கும் மேலான காரணம்.

சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் என்பதே இதற்கு விடை. பொட்டாசியம் கார்பனேட் 20 டிகிரியில் 100 மில்லி நீரில் 110 கிராம் அளவுக்குக் கரையும். அதே காரம் கிடைக்க, நீரற்ற சோடியம் கார்பனேட்டின் எடையை 1.3ஆல் பெருக்க வேண்டும், 67.5 கிராமுக்குப் பதில் 88 கிராம். திரவமாக விற்கப்படும் கடைச்சரக்குகள் பொட்டாசிய உப்புகளை நம்பியிருப்பது இதனால்தான். நிறுவனங்களுக்கு மட்டுமே தெரிந்த உத்தி என்று சொல்லப்படுவது, எந்த வேதியியல் அட்டவணையிலும் காணக்கிடைக்கும் ஒரு கரைதிறன் எண்.

மெட்டாலுக்கு இன்னொரு வரம்பு உண்டு. உப்பு மிகுந்த கரைசலில் அது கரைய மறுக்கும். லிட்டருக்கு 14 கிராம் மெட்டால் சேரும் கோடாக் டி-82 பார்முலாவில் மெத்தில் ஆல்கஹால் சேர்க்கப்பட்டது அதைக் கரைசலில் நிறுத்துவதற்கே. ஆகவே மெட்டால் பார்முலாவை எல்லையின்றி அடர்த்தியாக்க முடியாது. ஆனால் அப்படி ஆக்க வேண்டிய தேவையும் இல்லை. டி-72 எழுதப்பட்டபடியே ஓர் அடர் கரைசல்தான். ஒரு லிட்டர் ஸ்டாக், இரண்டு பங்கு நீர் சேர்ந்து மூன்று லிட்டராகிறது. வீட்டு இருட்டறையின் ஒரு மாலை வேலைக்கு அது தாராளம்.

கலக்கும் வரிசை தவறினாலும் இதே பழி வந்து சேரும். 50 டிகிரி வெப்பமுள்ள முக்கால் லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மெட்டால், அது முழுதும் கரைந்தபின் மீதிச் சல்பைட், பிறகு ஹைட்ரோகுயினோன், கார்பனேட், புரோமைடு. கடைசியில் நீர் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டு மெட்டாலைப் போட்டால், வெள்ளைத் துகள்கள் எவ்வளவு கலக்கினாலும் கரையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்பனேட்டை ஒரேயடியாகக் கொட்டினால் பாத்திரத்தின் அடியில் கல்லாக இறுகும். கலக்கிக்கொண்டே தூவினால் அப்படி ஆகாது. இவை இரண்டும் கலப்பவரின் அவசரத்தால் வருபவை; பார்முலாவின் மேல் ஏற்ற வேண்டிய குறைகள் அல்ல.

4. வீட்டுக் கரைசல் மட்டும்தான் கெடுமா?

கெடுப்பது ஆக்சிஜன், கலந்தவர் யார் என்று அது பார்ப்பதில்லை. கோடாக் தன் டெக்டாலுக்கே கொடுத்த கணக்கு: கலந்த ஸ்டாக், நிரம்பிய மூடிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி நிரம்பிய பாட்டிலில் இரண்டு மாதம், ட்ரேயில் ஒரு நாள். இந்தக் கணக்கில் நீளமான ஆயுளைத் தருவது பாட்டிலில் காற்று இல்லாமை. ஒரு லிட்டர் ஸ்டாக்கை நான்கு 250 மில்லி கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து தீர்த்தால், மீதி மூன்றிலும் காற்று நுழைவதில்லை. பெரிய கடை பாட்டிலைத் திறந்து பாதியைப் பயன்படுத்தி மீதியை மாதக்கணக்கில் வைப்பவரின் கரைசல்தான் முதலில் பழுப்பேறும்.

இன்னொரு வசதியும் கலப்பவர் பக்கமே இருக்கிறது. மூடிய டப்பாவில் உலர்ந்த இடத்தில் வைத்த தனித்தனிப் பொடிகள், கலந்த கரைசலைவிட மிக நீண்ட காலம் தாங்கும். தேவையானபோது தேவையான அளவு மட்டும் கலக்கலாம். கடையில் எவ்வளவு நாள் கிடந்தது என்று தெரியாத பாட்டிலைவிட நேற்று மாலை கலந்த ஸ்டாக் நம்பத்தக்கது.

5. ஆபத்து எங்கே இருக்கிறது?

மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும்; ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். ஹைட்ரோகுயினோன் தூள் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். இவை உண்மை. ஆனால் கடையில் வாங்கும் டெவலப்பர்களிலும் பெரும்பாலும் இருப்பவை இவையேதான். ட்ரேயில் வெறுங்கையை விடுகிறவருக்கு, அந்தக் கரைசலை யார் கலந்தார் என்பது பாதுகாப்பாகாது. இடுக்கி, ரப்பர் கையுறை, காற்றோட்டம் ஆகியவை இரு தரப்பாருக்கும் கட்டாயம்.

வீட்டில் கலப்பவருக்குக் கூடுதலாக உள்ளது தூளைக் கையாளும் சில நிமிடங்கள். அதற்கு முகமூடியும், விசிறி ஓடாத இடமும், ஈரத்துணியால் துடைத்த மேசையும் வேண்டும். மெட்டால் ஒவ்வாதவருக்கு ஃபெனிடோன் பார்முலாக்கள் இருக்கின்றன. ஃபெனிடோனால் தோல் பாதிக்கப்படுவது அரிது. பாட்டிலை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பல நேரம் முழுமையாகத் தெரியாது. கலக்குகிறவருக்கு ஒவ்வொரு கிராமும் தெரியும். தன் உடம்புக்கு ஒவ்வாததை விலக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

சமரசமே கூடாத விதி ஒன்று: எந்தக் கரைசலையும் குடிநீர், குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைக்கக் கூடாது. பெயரும் கலந்த தேதியும் எழுதி ஒட்டாத பாட்டில் வீட்டில் இருக்கவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டிய அலமாரி வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர் கலக்க வேண்டாம். அவர் கடை பாட்டிலையும் வாங்க வேண்டாம்.

6. கிடைக்கும் பலன் என்ன?

முதல் பலன், கட்டுப்பாடு. புரோமைடைக் கூட்டினால் பல பேப்பர்களில் நிறம் சற்று வெதுவெதுப்புப் பக்கம் சாய்கிறது. பென்சோட்ரையசோல் சேர்த்தால் குளிர்ந்த கறுப்பு வருகிறது. பியர்ஸ் பார்முலாவில் மெட்டால் கரைசல் ஒரு பாட்டிலிலும் ஹைட்ரோகுயினோன் கரைசல் மற்றொன்றிலும் இருக்கும். இரண்டையும் வெவ்வேறு விகிதங்களில் சேர்த்தால் மென்மையிலிருந்து கடுமைவரை ஏழு படிகள் கிடைக்கும். பல்கிரேடு பேப்பரும் ஃபில்டரும் வந்தபின் மாறுபாட்டுக்காக மட்டும் இதை நாட வேண்டியதில்லை. நவீன பேப்பர்களில் நிற மாற்றம் முன்போல் பெரிதாக இல்லை என்பதும் சரி. ஆனாலும் ஒற்றை கிரேடு பேப்பரில் இரண்டு கிரேடுகளுக்கு நடுவே நிற்கும் நெகட்டிவுக்கு இது இன்றும் நேரான வழி.

இரண்டாவது பலன், சுதந்திரம். இருட்டறைச் சரக்கு தரும் நிறுவனங்கள் எப்போதும் நிலைப்பதில்லை. இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் 2004இல் கடன் நெருக்கடியில் வீழ்ந்து, பிறகுதான் மீண்டது. 2005இல் ஜெர்மனியின் ஆக்ஃபாபோட்டோ நொடித்தது. அதே ஆண்டு கோடாக் கறுப்பு வெள்ளைப் பேப்பர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. டெட்டனால் 2018இல் நொடிந்தது. உதகமண்டலத்தில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. பேப்பரை வீட்டில் செய்ய முடியாது. அதற்கு ஆலை வேண்டும். டெவலப்பருக்கு ஆலை வேண்டியதில்லை. ஐந்து பொடிகளும் ஒரு தராசும் போதும். கையில் இருக்கும் அறிவைக் கைவிட்டு, எப்போது நிற்கும் என்று தெரியாத ஒரு விநியோகச் சங்கிலியை மட்டுமே நம்பச் சொல்வது இருட்டறைக் கலைக்குச் செய்யும் தீங்கு.

மூன்றாவது பலன் புரிதல். படம் மங்கலாக எழுந்தால் காரம் குறைந்ததா, வெள்ளை சாம்பலானால் புரோமைடு போதவில்லையா, கரைசல் பழுப்பானால் சல்பைட் தீர்ந்ததா என்று காரணத்தோடு யோசிக்க, ஒவ்வொரு பொருளின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிலின் மேலுள்ள குறிப்பை மட்டும் நம்புகிறவருக்கு ‘புதியது வாங்கு’ என்ற ஒரே தீர்வுதான் உண்டு.

ஆறு வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் நிற்பது இவ்வளவே: தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, சரக்கின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், சோடிய உப்புகளை மூன்று நான்கு மடங்காகத் திணிக்கக் கூடாது, பாட்டிலில் காற்றும் வெறும் லேபிளும் இருக்கக் கூடாது. இவை அனைத்தும் எப்படிக் கலப்பது என்பதற்கான விதிகள். கலக்கவே கூடாது என்பதற்கு இவற்றில் ஒன்றும் காரணமாகாது. நேரமில்லாதவர் பாட்டில் வாங்கட்டும். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் இருட்டறையைக் கற்றுத்தருகிறவர்கள் டி-72ஐ ஒருமுறையாவது மாணவர்கள் கையாலேயே நிறுத்துக் கலக்கச் செய்ய வேண்டும்.